ஆடம்பரக் கைக்கடிகாரம்: வடசென்னைக் கடலோரத்தில் உரிமையும் பராமரிப்பும்

ஆடம்பரக் கைக்கடிகாரம் என்பது நேரம் பார்க்கும் தேவைக்கு மேலாக, வேலைப்பாடு, உலோகம், நிறுவனப் பெயர் ஆகியவற்றுக்காக அதிக விலை கொடுத்து வாங்கப்படும் கைக்கடிகாரம் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை சுவிட்சர்லாந்தில் செய்யப்படுபவை; பேட்டரி இல்லாமல் சுருள்வில்லின் விசையால் ஓடுபவை. இந்தியாவில் இவற்றின் விலை ஒன்றிரண்டு லட்சம் ரூபாயில் தொடங்கிக் கோடியைத் தாண்டியும் செல்கிறது.

வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை. சுருள்வில் கடிகாரம் ஓர் இயந்திரம். எண்ணெயும் சுத்தமும் பழுதுபார்ப்பும் அதற்கு வேண்டும். காத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் எனக் கடலையும் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டிய வடசென்னையில் இந்தத் தேவை இன்னும் கூடுகிறது. உப்புக்காற்று, புழுக்கம், சாம்பல் தூசி, காந்தப்புலம், அதிர்ச்சி ஆகிய ஐந்தும் கடிகாரத்துக்குப் பகை. ஐந்தும் இப்பகுதியில் உண்டு. இத்தகைய கடிகாரம் எப்படி ஓடுகிறது, எதனால் கெடுகிறது, எவ்வளவு செலவு வைக்கிறது, அது தகுமா என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இயங்கும் முறை

சாவி கொடுக்கும்போது கடிகாரத்தின் உள்ளே இருக்கும் மெயின் ஸ்பிரிங் என்ற முதன்மைச் சுருள்வில் இறுகுகிறது. அது மெல்ல விரியும் விசை பற்சக்கரங்கள் வழியாகச் சென்று பேலன்ஸ் வீல் என்ற சமன்சக்கரத்தை அசைக்கிறது. தலைமுடி போன்ற மெல்லிய ஹேர்ஸ்பிரிங் அந்தச் சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஒரே சீராக ஆட வைக்கிறது. தானியங்கிக் கடிகாரத்தில் கை அசையும்போது ஓர் அரைவட்ட எடை சுழன்று சாவி கொடுக்கும் வேலையைச் செய்கிறது.

இன்றைய சுருள்வில் கடிகாரங்கள் பலவும் மணிக்கு 28,800 முறை துடிக்கின்றன. ஒரு நாளைக்கு 6,91,200 துடிப்புகள். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 கோடி. இத்தனை அசைவுகளும் மிகச் சிறிய துளி எண்ணெயை நம்பி நடக்கின்றன. அந்த எண்ணெய் காலப்போக்கில் வற்றும், கெட்டியாகும் அல்லது இடம் விட்டு நகரும். அப்போது உலோகத்தோடு உலோகம் உராயும். தேய்ந்த பாகத்தின் நுண்துகள் எஞ்சிய எண்ணெயில் கலந்து அடுத்த பாகத்தையும் தேய்க்கும். கடிகாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் குறித்த காலத்தில் சர்வீஸ் செய்யச் சொல்வதற்கு இதுவே காரணம்.

துல்லியம் என்று பார்த்தால் விலை உயர்ந்த கடிகாரம் வெல்வதில்லை. சுவிட்சர்லாந்தின் அதிகாரப்பூர்வக் குரோனோமீட்டர் சோதனை அமைப்பு சான்றளிக்கும் இயந்திரம்கூட நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பின்தங்கலாம் அல்லது 6 விநாடி முந்தலாம். 1969 டிசம்பர் 25-இல் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த குவார்ட்ஸ் கடிகாரம் இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம்கூட மாதத்துக்கு ஏறத்தாழ 15 விநாடிக்குள் நேரம் காட்டும். ஆகவே ஆடம்பரக் கடிகாரத்துக்குக் கொடுக்கும் பணம் துல்லியத்துக்கான விலை அன்று.

சென்னையும் கடிகாரமும்

ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களுக்குச் சுருள்வில் கடிகாரத்தின் துல்லியம் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. நடுக்கடலில் கிழக்கு மேற்காகத் தான் நிற்கும் இடத்தை அறிய, கப்பலுக்குச் சரியான நேரம் வேண்டும். நிலநடுக்கோட்டில் 4 விநாடி பிழை ஒரு கடல்மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் பிழையாகும். கரையைத் தொட்ட கப்பல்கள் தம் குரோனோமீட்டர்களைச் சரிபார்த்துக்கொண்டது இதனால்தான்.

சென்னை வானியல் ஆய்வகம் 1792-இல் நிறுவப்பட்டது. அதன் தீர்க்கரேகையை வைத்துக் கணித்த சென்னை நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. இந்திய இரயில்வே நெடுங்காலம் இந்த நேரத்தையே பின்பற்றியது. 1906 ஜனவரி 1-இல் இந்தியச் சீர்நேரம் வந்தபோது நாட்டின் நேரம் சென்னை நேரத்தைவிட 8 நிமிடம் 46 விநாடி முன்னால் சென்றது.

கடிகார வணிகமும் நகரில் பழமையானது. அண்ணா சாலையில் மணிக்கூண்டோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனம் 1849-இல் தொடங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் வெளிநாட்டுக் கடிகாரம் கப்பல் வழியாக வந்து கைமாறும் பொருளாக இருந்தது. கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டி, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-இல் உருவான பர்மா பஜார், வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற சந்தையாயிற்று. கைக்கடிகாரமும் அவற்றுள் ஒன்று.

உள்நாட்டிலும் மாற்று எழுந்தது. எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-இல் பெங்களூரில் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. அதன் சாவி கொடுக்கும் கடிகாரங்கள் திருமணச் சீராகவும், நெடுநாள் பணிக்குப் பரிசாகவும் வீடு வீடாகச் சென்றன. 1984-இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் கூட்டாக டைட்டனை நிறுவின. ஓசூரில் ஆலை அமைந்தது. டைட்டன் 2002-இல் வெளியிட்ட எட்ஜ் என்ற குவார்ட்ஸ் கடிகாரத்தின் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டர்தான். நேரம் காட்டும் தேவையும் அழகும் லட்சக்கணக்கில் செலவில்லாமல் நிறைவேறும் என்பதற்கு இவை சான்று.

கடலோரக் காற்று செய்யும் வேலை

காத்திவாக்கம் முன்பு தனி நகராட்சி. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. கிழக்கே வங்கக்கடல், வடக்கே எண்ணூர்க் கழிமுகம், அதைச் சுற்றி உப்பங்கழியும் அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் உள்ளன. இந்தச் சூழல் கடிகாரத்தைப் பல வழிகளில் தாக்குகிறது.

உப்பு: நல்ல கடிகாரங்களின் உறை 316எல் என்ற வகை எவர்சில்வரால் ஆனது. இதன் மேல் இயல்பாகவே உருவாகும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் துரு ஏறாமல் காக்கிறது. கடற்காற்றிலும் வியர்வையிலும் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அரிக்கும். பின்மூடி பொருந்தும் விளிம்பு, சங்கிலிக் கண்ணிகளின் இடுக்கு போன்ற காற்றோட்டம் இல்லாத இடங்களில் அரிப்பு முதலில் தொடங்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் உள்விளிம்பில் குழிகள் இருப்பதுண்டு. அந்தக் குழி வழியாக நீர் உள்ளே போகும். பித்தளையின் மேல் தங்க முலாம் பூசிய உறைகள் இதைவிட விரைவில் பச்சை பூக்கும்.

ஈரம்: கடிகாரத்தின் உள்ளே காற்று இருக்கிறது. வெயிலில் சூடேறிய கடிகாரத்தோடு குளிர்சாதன அறைக்குள் நுழைந்தாலோ கையைத் தண்ணீரில் விட்டாலோ அந்தக் காற்று சுருங்கும். ரப்பர் வளையங்கள் தளர்ந்திருந்தால் வெளியில் உள்ள ஈரக்காற்று உள்ளே இழுக்கப்படும். கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தால் சில நாள்களுக்குள் எஃகுப் பாகங்களில் துரு தொடங்கலாம். தானாக மறைந்துவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே பழுதுபார்ப்பவரிடம் காட்ட வேண்டும்.

தூசி: நிலக்கரி எரிந்த சாம்பலில் சிலிக்கா, அலுமினா ஆகிய கடினமான துகள்கள் உள்ளன. இவை வியர்வையோடு சேர்ந்து சங்கிலிக் கண்ணிகளுக்கு நடுவே உப்புத்தாள்போல் வேலை செய்யும். சில ஆண்டுகளில் ஊசிகள் தேய்ந்து சங்கிலி தொய்ந்துவிடும். நீலக்கல் கண்ணாடியில் இத்துகள்களால் கீறல் விழுவதில்லை. மெருகேற்றிய எஃகில் விழும்.

காந்தம்: மின்மோட்டார், வெல்டிங் இயந்திரம், இரும்பு தூக்கும் மின்காந்தம், ஒலிபெருக்கி ஆகியவற்றின் அருகே ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறி அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் திடீரென நாளொன்றுக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடுவது இதன் அறிகுறி. பயப்பட வேண்டியதில்லை. காந்தம் நீக்கும் சிறு கருவியால் இதைச் சில நிமிடங்களில் சரிசெய்யலாம்.

அதிர்ச்சி: சுத்தியல், கிரைண்டர், துளையிடும் இயந்திரம் ஆகியவற்றின் அதிர்வு சமன்சக்கரத்தின் மெல்லிய அச்சைப் பாதிக்கும். இங்கே கடிகாரத்தைவிடப் பெரிய கேள்வி கையின் பாதுகாப்பு. சுழலும் இயந்திரத்தில் உலோகச் சங்கிலி மாட்டினால் கையையே இழுத்துவிடும். மின்சுற்றில் பட்டால் தீக்காயம் ஏற்படும். அதனால்தான் பட்டறைகளில் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றச் சொல்கிறார்கள். ஆலையில் வேலை செய்பவரின் விலை உயர்ந்த கடிகாரம் நாளின் பெரும்பகுதியைப் பெட்டிக்குள்ளேயே கழிக்கும்.

பராமரிப்பு

அன்றாடப் பராமரிப்பு எளியது. வியர்வையும் உப்பும் படிந்த கடிகாரத்தை இரவில் ஈரத்துணியால் துடைத்து, உலர்துணியால் ஒற்றி வைக்க வேண்டும். நீர்காப்பு உறுதியாக உள்ள எஃகுக் கடிகாரமாக இருந்தால், திருகுச்சாவியை இறுக்கிய பின் சங்கிலியை நல்ல தண்ணீரில் மெல்லிய பிரஷ் கொண்டு கழுவலாம். தோல்பட்டை சென்னைப் புழுக்கத்தில் நாறும், பூஞ்சை பிடிக்கும். ரப்பர் அல்லது நைலான் பட்டை இங்கே ஏற்றது. கற்பூரம், அந்துருண்டை ஆகியவற்றோடு கடிகாரத்தைப் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் முள்கள் நிற்கும்போது தேதியைத் திருகி மாற்றக் கூடாது; பல மாதிரிகளில் தேதிச் சக்கரத்தின் பல் உடையும்.

நீர்காப்பு அளவு பலரையும் ஏமாற்றுகிறது. 30 மீட்டர் என்று எழுதியிருப்பது, புதிய கடிகாரம் அசையாத நீரில் தாங்கும் அழுத்தத்தின் அளவு. நடைமுறையில் அது கைகழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், நீச்சலுக்கு உதவாது. நீந்துவதற்கு 100 மீட்டர் அளவாவது வேண்டும். ரப்பர் வளையங்கள் வெப்பத்திலும் வியர்வையிலும் இறுகிவிடுவதால், கடலோரத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துகொள்வது பாதுகாப்பானது.

முழு சர்வீஸ் என்பது கடிகாரத்தை முழுவதும் பிரித்து, பாகங்களைக் கழுவி, தேய்ந்தவற்றை மாற்றி, வெவ்வேறு எண்ணெய்களை வெவ்வேறு இடங்களில் இட்டு, திரும்பப் பூட்டி, பல நிலைகளில் ஓடவிட்டுச் சோதிப்பது. நிறுவனங்கள் பொதுவாக 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கின்றன. வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும். பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமானால் மாதக்கணக்கில் ஆகும். தெருமுனை வாட்ச் கடைக்காரர் திறமையானவராக இருந்தாலும், பல ஆடம்பர நிறுவனங்கள் உதிரிபாகங்களை வெளியாருக்கு விற்பதில்லை. அதனால் சாதாரண வேலைகளுக்கும் நிறுவன மையத்தை நாட வேண்டியிருக்கிறது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மெருகேற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு மெருகும் உறையின் விளிம்பைக் கரைக்கும். மறுவிற்பனை விலையையும் குறைக்கும்.

உண்மைச் செலவு

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 5 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய கடிகாரத்துக்கு 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை 50,000 ரூபாய் சர்வீஸ் செலவு என்று வைத்துக்கொள்வோம். 24 ஆண்டுகளில் 4 சர்வீஸ், 2 லட்சம் ரூபாய். மொத்தம் 7 லட்சம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 ரூபாய்.

மறைந்திருக்கும் செலவு வேறு. அதே 5 லட்சத்தை ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டுவட்டியில் வைப்பு வைத்திருந்தால், வரியைக் கணக்கில் சேர்க்காமல், 24 ஆண்டுகளில் அது ஏறத்தாழ 20 லட்சம் ஆகியிருக்கும். கடிகாரம் வாங்கிய விலையைப்போல் இரு மடங்குக்கு விற்றாலும் அது இலாபம் ஆகாது. விலை ஏறும் கடிகாரங்கள் உண்டு. அவை சில நிறுவனங்களின் சில மாதிரிகள் மட்டுமே. பெரும்பாலானவை கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்குபவை. தங்கத்தைப்போல் எடை போட்டு அன்றே பணமாக்கும் வசதியும் கடிகாரத்துக்கு இல்லை. அடகுக்கடையில் அவசரத்துக்கு உதவுவது நகைதான்.

சுங்கமும் ரசீதும்

இறக்குமதிக் கடிகாரத்தின் விலையில் சுங்கவரியும் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் அடங்கும். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சுவிஸ் கடிகாரங்களின் சுங்கவரி படிப்படியாகக் குறையும். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை விற்பவர், வாங்குபவரிடம் 1 விழுக்காடு வரி வசூலித்துச் செலுத்த வேண்டும். இதை வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். இந்த வரியால் அந்தக் கொள்முதல் வருமான வரித்துறையின் பார்வைக்கும் வருகிறது.

கப்பல் ஊழியர்களும் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களும் நிறைந்த வடசென்னைக் குடும்பங்கள் அறிய வேண்டிய சட்டப்பிரிவு ஒன்று உண்டு. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தங்கத்தையும் கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரி கடிகாரத்தைக் கைப்பற்றினால், அது கடத்தப்பட்டதன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை வைத்திருந்தவரைச் சாரும். வழக்கமாகக் குற்றம் சாட்டுபவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கே அது தலைகீழ். ரசீது இல்லாமல் நண்பரிடமோ சந்தையிலோ வாங்கிய கடிகாரம் இத்தகைய நேரத்தில் கைவிட்டுப் போகும்.

வெளிநாட்டில் வாங்கிவரும் கடிகாரத்தின் மதிப்பு வரியில்லா வரம்பைத் தாண்டினால் விமான நிலையத்தில் சிவப்பு வழியில் சென்று அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள விலை உயர்ந்த கடிகாரத்தோடு வெளிநாடு செல்பவர், புறப்படும் முன் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று பெற்றுக்கொண்டால் திரும்பும்போது சிக்கல் வராது.

பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கும் ரசீது கேள்வியாகியிருக்கிறது. 2016-இல் கர்நாடக முதலமைச்சர் சித்தராமையா தமக்குப் பரிசாக வந்த ஹூப்லோ கடிகாரம் பற்றி விவாதம் எழுந்ததும் அதைச் சட்டமன்றத் தலைவரிடம் ஒப்படைத்தார். 2022 டிசம்பரில் அப்போதைய தமிழ்நாடு பா.ஜ.க. தலைவர் அண்ணாமலை அணிந்த பெல் அண்ட் ராஸ் ரஃபேல் கடிகாரத்துக்கு ரசீது எங்கே என்று தி.மு.க. தரப்பு கேட்டது, 2023 ஏப்ரலில் அவர் ரசீதை வெளியிட்டார்.

பழைய கடிகாரமும் போலியும்

பழைய கடிகாரம் விலை குறைவு, ஆபத்து அதிகம். போலிகள் இப்போது எடை, எழுத்து, பெட்டி, உத்தரவாத அட்டை வரை அசலை ஒத்து வருகின்றன. பின்மூடியைத் திறந்து உள்இயந்திரத்தைப் பார்க்காமல் தேர்ந்தவரும் முடிவு சொல்லத் தயங்குவர். உறை அசலாகவும் டயலும் முள்ளும் மாற்றப்பட்டவையாகவும் இருக்கும் கலப்புக் கடிகாரங்களும் உண்டு. பெட்டி, உத்தரவாத அட்டை, முதல் ரசீது, சர்வீஸ் பதிவு ஆகிய நான்கையும் கேட்டு வாங்க வேண்டும். தொடர் எண் ரசீதிலும் உறையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போலி என்று தெரிந்தால் நிறுவன மையம் அதைச் சர்வீஸுக்கு ஏற்காது.

தகுமா?

நேரம் பார்ப்பதற்கு என்றால் தகாது. முதலீட்டுக்கு என்றால் பெரும்பாலும் தகாது. கடன் வாங்கியோ தவணையிலோ வாங்குவது எவ்வகையிலும் தகாது. வட்டி, சர்வீஸ், விலை இறக்கம் மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும்.

நுண்ணிய இயந்திரத்தின் மேல் உண்மையான ஈடுபாடும், செலவழித்தால் வீடு தடுமாறாத அளவு பணமும் இருப்பவருக்குத் தகும். எண்ணெய் மாற்றிக்கொண்டே வந்தால் சுருள்வில் கடிகாரம் தலைமுறை தாண்டி ஓடும். குவார்ட்ஸ் கடிகாரத்தின் மின்சுற்று பழுதானால் பல ஆண்டுகள் கழித்து அதே பாகம் கிடைப்பது அரிது. ஆனால் இந்த இன்பத்துக்கு லட்சங்கள் கட்டாயமில்லை. அப்பாவோ தாத்தாவோ விட்டுச்சென்ற எச்.எம்.டி. கடிகாரத்திலும் இதே மெயின் ஸ்பிரிங்கும் ஹேர்ஸ்பிரிங்கும்தான் இருக்கின்றன. அதைத் தெருமுனை வாட்ச் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து ஓட வைத்தால், சுருள்வில் கடிகாரத்தோடு வாழ்வது தமக்கு ஒத்துவருமா என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள் போதும். வாரத்தில் எத்தனை நாள் இதை அணிய முடியும்? அடுத்த சர்வீஸுக்கான பணம் இன்றே தனியாக எடுத்து வைக்க முடியுமா? நாளை தொலைந்தால் தாங்க முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் உள்ளவர் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஒரு நல்ல குவார்ட்ஸ் கடிகாரம், உப்புக்காற்றைத் தாங்கும் எஃகு உறையோடும் ரப்பர் பட்டையோடும், காலை முறை வேலைக்குக் காத்திவாக்கம் நிலையத்தில் இரயிலைப் பிடிக்கப் போதுமான நேரத்தைக் காட்டும்.